வெள்ளவத்தையில் ஜாஸ் புளூஸ் கிட்டார் வகுப்பு: மூன்று மாதங்களுக்குப் பின்

புளூஸ் ஸ்கேல் என்ற ஒரே சுரவரிசையை வைத்துக்கொண்டே புளூஸின் பன்னிரண்டு பார்களையும் (தாளப் பகுதிகளையும்) ஓட்டிவந்த எனக்கு, கொழும்பில் காலி வீதிக்கு அருகே சனிக்கிழமை மாலைகளில் நடைபெறும் இந்த வகுப்பு, கோர்ட் (ஒருசேர ஒலிக்கும் சுரங்களின் தொகுதி) மாற்றங்களைக் காதால் பின்தொடரக் கற்றுத் தந்தது. முதல் நான்கு வாரங்களும் ஆசிரியர் எங்களை வேகமாக வாசிக்க விடாமல், ஒவ்வொரு கோர்டிலும் மூன்றாம், ஏழாம் சுரங்களை மட்டுமே வாசிக்கச் செய்தார். பி பிளாட் செவன் கோர்டின் அந்தச் சுரங்களான டி, ஏ பிளாட் ஆகிய இரண்டும், ஈ பிளாட் செவன் கோர்டுக்கு மாறும்போது ஒரேயொரு ஃப்ரெட் (கிட்டார் கழுத்திலுள்ள கட்டு) இறங்கி டி பிளாட், ஜீ ஆகின்றன என்பதை விரலில் உணர்ந்தபோது, இத்தனை வருடங்கள் இதைக் கேளாமல் இருந்துவிட்டேனே என்று வருந்தினேன். எட்டாவது பாரில் வரும் ஜீ செவன் கோர்டின் பி சுரம் நாங்கள் பழகிய புளூஸ் ஸ்கேலில் இல்லாதது. அதைச் சற்று நீட்டிப் பிடித்து, ஒன்பதாவது பாரின் சி மைனர் செவனில் சி சுரத்துக்கு ஏற்றினால், துணைக்கு எவரும் வாசிக்காதபோதும் கோர்ட் மாறியது தெளிவாகக் கேட்கிறது.

கட்டணம் நியாயமானது. ஆனால் ஒன்றரை மணித்தியாலத்தில் எட்டுப் பேர் முறைவைத்து வாசிப்பதால் ஒருவருக்குக் கிடைக்கும் நேரம் போதவில்லை. சுவிங் எனும் ஜாஸின் ஊசலாடும் தாளத்துக்கும் இன்னும் கூடுதலான பயிற்சி தேவை. கோர்ட் பிடிக்கவே தடுமாறுபவர்கள் ஆறு மாதங்கள் பழகிவிட்டுச் சேர்வது நல்லது.