பொத்தானா, தொடுதிரையா, புள்ளியா?

பென்னாகரத்திலிருந்து தர்மபுரிக்கு டவுன் பஸ்ஸில் நின்றபடி போகிற பார்வையற்றவருக்கு ஒரு கை கம்பிக்குப் போய்விடும். மிச்சமிருக்கும் ஒற்றைக் கையால் எந்தக் கருவியில் வாசிக்கலாம்?

விக்டர் ரீடர் ஸ்ட்ரீம் போன்ற டெய்சி பிளேயர்தான் (பேசும் புத்தகங்களை வாசிக்கும் கருவி) இங்கே முந்துகிறது. பழைய போன் மாதிரி எண் பொத்தான்கள். 2, 8 அழுத்தினால் அத்தியாயம், பக்கம் என்று தாவும் அளவு மாறும். 4 பின்னால், 6 முன்னால். சட்டைப் பைக்குள் இருந்தபடியே இயக்கலாம். போனில், திரையைப் படித்துச் சொல்லும் டாக்பேக்கோடு இழுத்து, இருமுறை தட்ட வேண்டும். வண்டி குலுங்கினால் தட்டு வேறெங்கோ விழும்.

'பிளேயரில் தலைப்புக்குத் தாவ முடியவில்லை' என்பது வழக்கமான புகார். எம்பி3 கோப்புகளை மட்டும் கார்டில் போட்டிருப்பார்கள். டெய்சி 2.02 புத்தகத்தில் தலைப்புப் பட்டியல் என்சிசி கோப்பில் இருக்கிறது, அதை ஒலியோடு கோப்பது ஸ்மில் கோப்புகள். ஜிப்பை விரித்து முழு ஃபோல்டரையும் அப்படியே நகலெடுங்கள். பார்வையற்றோருக்கான இணைய நூலகமான சுகம்ய புஸ்தகாலயாவில் எடுப்பதை ஓசூரிலேயே இறக்கிக்கொண்டால் அஞ்செட்டிக் காட்டுவழியில் சிக்னலை நம்ப வேண்டாம். வெறும் எழுத்துக் கோப்பு என்றால் கருவிக்குள் தமிழ்க் குரல் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

கையில் வந்த அச்சுக் கடிதத்தைப் படமெடுத்து வாசிக்க போன்தான். தாளை மேசையில் விரித்து, சுமார் ஒரு அடி உயரத்தில் நேராகப் பிடித்தால் போதும். ஆனால் பாமினி எழுத்துருவில் அடித்த பழைய நோட்ஸ் கோப்பாக வந்தால் எந்தக் குரலும் தோற்கும்: 'அம்மா' இருக்கும் இடத்தில் 'எம், கே, செமிகோலன், கே, ஹெச்' என்று படிக்கும். யூனிகோடுக்கு மாற்றாமல் வழியில்லை.

காதுக்கு ந, ன இரண்டும் ஒன்றுதான். விரலுக்கு வேறு வேறு. எழுத்துப்பிழை பார்க்கிறவருக்கும் படிக்கிற பிள்ளைக்கும் ஆர்பிட் ரீடர் 20 மாதிரி, ஊசிகள் புள்ளிகளாக எழும்பும் பிரெய்ல் கருவி வேண்டும் என்பது அதனால்தான். ஆனால் அதன் வரியில் இருக்கும் 20 கட்டம் (ஒரு கட்டத்தில் ஒரு பிரெய்ல் குறி) ரொம்பக் குறைவு. பிரெய்லில் மெய்யெழுத்தின் புள்ளிக்குத் தனிக் கட்டம், உயிர்மெய்யின் உயிருக்குத் தனிக் கட்டம். 'கிருஷ்ணகிரி மாவட்டம்' என்றதுமே இடைவெளியோடு 20-உம் தீர்ந்துவிடும். அடுத்த சொல்லுக்குப் பொத்தானை அழுத்தியாக வேண்டும்.

தூசியும் வியர்வையும் பிரெய்ல் ஊசிகளுக்கு ஆகாது. 'க' என்பது 1, 3 ஆகிய புள்ளிகள். 3 எழும்பாவிட்டால் மிஞ்சுவது 'அ'. வாங்கும்போதே எல்லாப் புள்ளியும் எழும்பும் வரி ஒன்றைப் போட்டு, 20 கட்டத்தையும் தடவிப் பார்த்துவிடுங்கள்.