காபி மெஷினைச் சுத்தம் செய்ய ஆள் கூப்பிட்டு 6,849 ரூபாயை இழந்தேன்

இன்று காலைதான் விஷயம் முழுதாகத் தெரிந்தது. கோபம் இன்னும் அடங்கவில்லை. வார்த்தை சூடாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 6,849 ரூபாய். ஒரு காபி மெஷினைக் கழுவுவதற்கு!

எங்கள் வீடு சோழிங்கநல்லூரில். லாரித் தண்ணீரும் போர் தண்ணீரும் கலந்து வரும் அடுக்குமாடி. வாளியிலும் குழாயிலும் வெள்ளைப் படிவம் பிடிக்கும். தம்பி வாங்கிக் கொடுத்த சின்ன எஸ்பிரெஸ்ஸோ மெஷினில் இரண்டு வருடமாக அந்தத் தண்ணீரைத்தான் ஊற்றினோம். போன மாதம் காபி நூல் மாதிரி இறங்க ஆரம்பித்தது. சத்தம் மட்டும் இரண்டு மடங்கு. உப்புத் தண்ணீரைச் சூடாக்கும்போது அதில் கரைந்திருக்கும் கால்சியம் சுண்ணாம்பாக மாறி உள்ளே ஒட்டிக்கொள்ளும், வழி குறுகிப் பம்ப் திணறும். இது இப்போது தெரிகிறது. அன்று மெஷினே போய்விட்டது என்று பயந்தேன்.

பிளம்பர், ஏசி, கரப்பான் மருந்து எல்லாவற்றுக்கும் வீட்டுக்கு ஆள் அனுப்பும் ஒரு ஆப்பில் 799 ரூபாய் கட்டிப் பதிவு செய்தேன்.

வந்த ஆள் செருப்பை வாசலிலேயே கழற்றினான். அப்பாவிடம் "நல்லா இருக்கீங்களா ஐயா" என்று விசாரித்தான். தண்ணீர் வாங்கிக் குடித்த பிறகு மேடம் போய் அக்கா ஆனேன். மெஷினைத் தலைகீழாகத் தட்டி, உதிர்ந்த வெள்ளைச் செதில்களை உள்ளங்கையில் வைத்துக் காட்டினான். "பாருங்க அக்கா, அத்தனையும் சுண்ணாம்பு. உங்க தண்ணி அப்படி." அது உண்மை. அந்த ஒரு உண்மையைச் சொன்னதால்தான் அதற்குப் பிறகு அவன் சொன்ன எல்லாவற்றையும் நம்பினேன்.

பிறகு ஸ்விட்சைப் போட்டான். உறுமல் மட்டும் வந்தது, தண்ணீர் வரவில்லை. "பம்ப் போயிடுச்சு அக்கா. கம்பெனில போனா எட்டாயிரம் கேப்பான். என்கிட்ட ஒரிஜினல் இருக்கு, 4,200." கூடவே வருடத்துக்கு நான்கு முறை வந்து சுத்தம் செய்ய 1,850. ஆப்பில் போட்டால் வரி சேரும், என் நம்பருக்கே ஜிபே பண்ணிடுங்க என்றான். இரண்டையும் சேர்த்து அனுப்பினேன். "தம்பி பாவம், நல்ல பையன்மா" என்று அப்பாவும் சொன்னார்.

மெஷினை வொர்க் ஏரியாவுக்குக் கொண்டுபோய், லேபிள் இல்லாத ஒரு தண்ணீர் பாட்டிலிலிருந்து எதையோ ஊற்றினான். பாத்ரூம் ஆசிட் வாடை. எனக்குத் தொண்டை கமறியது. கேட்டால் "கம்பெனி கெமிக்கல் அக்கா, ஒண்ணும் ஆகாது". கிளம்பும்போது எதிரிலேயே நின்று ஓடிபி வாங்கினான், ஐந்து ஸ்டாரும் போடச் சொன்னான். போட்டேன்.

நான்காம் நாள் மெஷினுக்கு அடியில் ஈரம். அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு "ஒரு மாதிரி இருக்கேம்மா" என்றார். அதற்கு முன் இரண்டு நாள் அதே காபியைக் குடித்திருக்கிறார். டாக்டரிடம் காட்டினோம், ஒன்றுமில்லை. ஆனால் அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

அந்த ஆளுக்கு போன் செய்தேன். "வண்டில இருக்கேன் அக்கா, சாயங்காலம் வரேன்." மறுநாளும் அதே பதில். மூன்றாம் நாள் என் நம்பரை பிளாக் செய்துவிட்டான். ஆப்பில் பேசினால் முதலில் இயந்திரம் பதில் சொல்கிறது, அப்புறம் ஒரு பெண், அப்புறம் ஒரு மேலதிகாரி. ஓடிபி கொடுத்துவிட்டதால் வேலை முடிந்ததாகத்தான் கணக்கு என்றார்கள். மீதிப் பணம் எங்களிடம் வரவில்லை, அதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்றார்கள். மூன்று முறை புகார் கொடுத்தேன். மூன்று முறையும் "தீர்க்கப்பட்டது" என்று மூடினார்கள். யாருக்குத் தீர்ந்தது? ஆளை உங்கள் பெயரில், உங்கள் சட்டையைப் போட்டுத்தானே வீட்டுக்குள் அனுப்பினீர்கள்?

இன்று காலை மெஷின் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் என் கண் முன்னால் பிரித்தார்கள். பம்பை மாற்றவே இல்லை. மெஷினோடு வந்த அதே பம்ப், ஸ்டிக்கர்கூடக் கிழியவில்லை. அது நன்றாக ஓடுகிறது, அடைப்புதான் இருந்திருக்கிறது. ஆனால் தண்ணீரைச் சூடாக்கும் அலுமினியப் பாகம் அரித்து ஓட்டை விழுந்திருக்கிறது. பாத்ரூம் ஆசிட் சுண்ணாம்பைக் கரைக்கும், அலுமினியத்தையும் சேர்த்தே தின்னும். 6,849 ரூபாய் கொடுத்து நல்ல மெஷினை நானே கெடுத்துக்கொண்டேன்.

இதற்குத் தேவைப்பட்டதெல்லாம் கொஞ்சம் சிட்ரிக் ஆசிட். கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டாலும் கிடைக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி கரைத்து, பாதியை மெஷின் வழியே ஓடவிட்டு, இருபது நிமிடம் அணைத்து வைத்து, மீதியையும் ஓட்டி, அப்புறம் நல்ல தண்ணீர் இரண்டு மூன்று டேங்க் ஓட்டினால் போதும் என்று சர்வீஸ் சென்டரில் சொன்னார்கள். உங்கள் மெஷினின் கையேட்டையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வினிகர் வேண்டாம் என்று சில கம்பெனிகள் அதிலேயே போட்டிருக்கின்றன.

விவரமாக அறிவுரை எழுத நினைத்தேன், முடியவில்லை. லேபிள் இல்லாத பாட்டிலைத் திறந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். ஆளின் சொந்த நம்பருக்குப் பணம் அனுப்பாதீர்கள். மாற்றியதாகச் சொன்னால் பழைய பாகத்தைக் கையில் வாங்குங்கள். மெஷினை ஓட்டிப் பார்க்காமல் ஓடிபி சொல்லாதீர்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். சர்வீஸ் சென்டர் நாளை எழுத்தில் அறிக்கை தருவதாகச் சொல்லியிருக்கிறது. வந்ததும் இங்கேயே போடுகிறேன்.