வஜ்ரம் போட்டு ஒட்டிய ஹவாயன் கிட்டார்: சில கோடைகளுக்குப் பிறகு

வஜ்ரம் என்கிற தோல் பசையைக் காய்ச்சி ஒட்டிய ஹவாயன் கிட்டார் பிரிட்ஜ் (கம்பிகளைத் தாங்கும் மரக்கட்டை) இந்த வருடக் கத்திரியையும் தாண்டி அசையாமல் நிற்கிறது. ஒட்டிய கையோடு எழுதியிருந்தால் அதில் விசேஷம் இல்லை. மதுரை வெயிலில் சில கோடை கிடந்த பிறகுதான் பசையின் யோக்கியதை தெரியும்.

கிட்டார் சித்தப்பாவுடையது. மெல்லிசைக் கச்சேரிகளில் மடியில் படுக்கப்போட்டு, இரும்புக் கட்டையைக் கம்பி மேல் வழுக்கி வாசித்தது. கல்கத்தா வேலைப்பாடு. 1940களில் ஹவாயிலிருந்து வந்த டாவ் மோ குடும்பம் அங்கே தங்கி வாசித்தது. அந்த ஊரில் இந்தக் கருவிக்கு இருந்த மவுசே தனி.

இந்த வகைக் கிட்டாரில் பிரிட்ஜ் ஒட்டு விட்டுக் கிளம்புவது அதிசயமே இல்லை. இரும்புக் கட்டை ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே வரும் கோடுகள்) இடிக்காமல் ஓட வேண்டும் என்பதால், கழுத்து நுனியில் கம்பியைத் தாங்கும் நட்டும் பிரிட்ஜ் மேல் கம்பியைத் தாங்கும் சேடிலும் உயரமாக இருக்கும். சேடில் உயர உயர, பிரிட்ஜை முன்பக்கம் கவிழ்க்கும் விசையும் கூடும். போதாததற்கு சித்தப்பா வைப்பது ஹை பாஸ் ஏ ட்யூனிங் என்கிற சுருதி: தடித்த கம்பியிலிருந்து ஏ, சி ஷார்ப், ஈ என்ற சுரங்கள், மறுபடியும் அதே மூன்று. ஆறு கம்பியும் சேர்ந்து சுமார் 70 கிலோ இழுவை, ராத்திரி பகல் பாராமல்.

முன்பு ஒரு கடையில் வெள்ளைப் பசை போட்டு ஒட்டிக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பசையைக் குறை சொல்ல மாட்டேன், அலமாரிக்கும் நாற்காலிக்கும் நானும் அதைத்தான் வாங்குவேன். ஆனால் ஓயாத இழுவையோடு சூடும் சேர்ந்தால் அது மெல்ல நழுவும். முதலில் பிரிட்ஜின் பின்விளிம்பில் மெல்லிய தாள் நுழைந்தது. அப்புறம் விசிட்டிங் கார்டே நுழைந்தது.

ஈரத்துணி வைத்து இஸ்திரிப் பெட்டியால் சூடேற்றி, மெல்லிய தட்டைக் கத்தியை உள்ளே விட்டுக் கழற்றினோம். பழைய பசை சூயிங்கம் போல இழுபட்டு வந்தது. அடியில் பார்த்தால் ஓரம் முழுக்க பாலிஷ் பளபளக்கிறது. பசை மரத்தைப் பிடிக்கவே இல்லை, பாலிஷைத்தான் பிடித்திருக்கிறது. எந்தப் பசை போட்டிருந்தாலும் அந்த ஓரம் நின்றிருக்காது.

வஜ்ரம் போடச் சொன்னது செல்லூர்ப் பக்கம் பழைய மேசை, நாற்காலி பழுது பார்க்கும் ஆசாரி ஒருவர். "தம்பி, வெள்ளைப் பசை துளி ஒட்டிக்கிட்டு இருந்தாலும் வஜ்ரம் பிடிக்காது. வெறும் மரம் தெரியுற வரைக்கும் சுரண்டிட்டு வாங்க" என்றார். வேலையில் பாதி நேரம் இந்தச் சுரண்டலுக்கே போனது. பிரிட்ஜ் உட்காரும் அளவுக்கு மட்டும் பாலிஷையும் எடுத்தோம், வெளியே ஒரு கோடு விழாமல்.

வஜ்ரம் மாட்டுத் தோலிலிருந்து எடுப்பது. குருணையைப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வேறு பாத்திரம் வைத்துக் காய்ச்ச வேண்டும். 60 டிகிரியை ஒட்டி இருந்தால் போதும். கொதித்தால் பசையின் வலு போய்விடும். வாடை? "அடுப்பங்கரைப் பக்கம் கொண்டு வராதீங்க" என்று வீட்டில் உத்தரவு. மொட்டைமாடியில்தான் காய்ச்சினேன். வெயில் அங்கே உதவியும் செய்தது: பலகையும் பிரிட்ஜும் நன்றாகச் சூடாகிவிட்டன. குளிர்ந்த மரத்தில் இந்தப் பசை பட்டதும் உறைந்துவிடும். தடவி, வைத்து, சி கிளாம்பை முறுக்க ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. அதனால் கிளாம்பு, உள்ளே முட்டுக்கட்டை எல்லாவற்றையும் பசையில்லாமல் வைத்துப் பார்த்துக்கொள்வது அவசியம். கம்பி மாட்டச் சில நாள் பொறுத்தோம்.

இப்போது நிலவரம்: பின்விளிம்பில் சிகரெட் தாள்கூட நுழையவில்லை. 12ஆம் ஃப்ரெட் கோட்டுக்கு நேராகக் கட்டையை வைத்தால் எட்டாம் சுரம் சுத்தமாகப் பேசுகிறது; முன்பு கோட்டை விட்டு விலகித் தேட வேண்டியிருந்தது. காய்ந்த வஜ்ரம் வெறும் சூட்டுக்கு லேசில் இளகாது. சூடும் ஈரமும் சேர்ந்தால்தான் ஆபத்து. மதுரை வெயில் பெரும்பாலும் வறண்ட வெயில் என்பதால் நமக்குத் தோதுதான். கடலோரத்தில் இருப்பவர்கள் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டு வைப்பது நல்லது. வேறொரு குறை, இந்தப் பசை முரட்டு அடி தாங்காது. கிட்டார் கீழே விழுந்தால் ஒட்டு கண்ணாடியாக விட்டுப்போகலாம். அதற்காக பிரிட்ஜில் திருகாணி அடிக்கச் சொல்பவர்கள் உண்டு; நான் சம்மதிக்க மாட்டேன். வஜ்ரம் விட்டால் வெந்நீரில் துடைத்து மறுபடி ஒட்டலாம். மரத்தில் போட்ட ஓட்டையை என்ன செய்வது?

மீதிக் குருணை பாட்டிலில் இருக்கிறது. ஈரம் படாமல் இருந்தால் வருடக்கணக்கில் கெடாது என்பதால், தலைப்பகுதியில் லேசாக எழும்பி நிற்கும் மெல்லிய மேல்பலகைக்கும் அதையே போடப்போகிறேன்.