புது டயரும் கல் பாதையும்: வண்டி ஒரு பக்கம் இழுத்தது யாரால்?

தார், மண், கல் எல்லாவற்றிலும் ஓட்டத் தோதான ஆல்-டெரெய்ன் டயர் போட்டு, அதன் பட்டன் (மேலே துருத்தி நிற்கும் ரப்பர் கட்டைகள்) பாதி தேயும் அளவுக்கு ஓட்டியாகிவிட்டது. டயர் எப்படி என்று கேட்டால் பதில் சுருக்கம்தான்: நல்ல டயர், அளவுதான் கொஞ்சம் பெரிதாகப் போய்விட்டது. அதைவிடச் சொல்ல வேண்டியது ஆரம்பக் கட்டத்தைப் பற்றி. டயர் மாற்றிய சூட்டோடு கரடுமுரடான ஓர் ஆற்றுப்படுகையில் வண்டியை இறக்கினேன். திரும்பி வந்தபோது வண்டியின் குணமே மாறியிருந்தது. மாற்றம் இரண்டு, சந்தேகமும் இரண்டு. எது டயரின் வேலை, எது கல்லின் வேலை என்று பிரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

வண்டி டீசல். லேடர் ஃபிரேம் (ஏணி போன்ற அடிச்சட்டம்), முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன், பின்னால் ஒரே ஆக்ஸில், தேவைப்படும்போது மட்டும் போடும் ஃபோர் வீல் டிரைவ். கம்பெனி டயர் 235/70 R16 (அகலம் மி.மீ.யில், பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம், ரிம் விட்டம் அங்குலத்தில்). அதற்குப் பதிலாக 245/75 R16 அளவில், எல்டி (லைட் டிரக், கூடுதல் பாரத்துக்கான) வகை டயர் போட்டேன். விட்டம் சுமார் 735 மி.மீ.யிலிருந்து 774 மி.மீ. ஆகிறது, அதாவது 5 சதவீதத்துக்குச் சற்று மேல். பழைய டயரில் ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது போன வேகத்தைவிட இப்போது அதே 100-ல் 5 சதவீதம் கூடுதலாகப் போகிறோம். கியர் விகிதமும் அதே அளவு நீண்டுவிடுவதால் மேட்டில் ஒரு கியர் குறைக்க வேண்டியிருக்கும். இதெல்லாம் கணக்குப் போட்டாலே தெரிந்துவிடும்.

கணக்கில் வராதது ஸ்டீயரிங்கின் உணர்வு. கல்லில் இறங்கும் முன்பே, டயர் மாற்றிய அன்றே அது மாறிவிட்டது. நேராகப் போகும்போது ஸ்டீயரிங்கைச் சின்னதாகத் திருப்பினால் வண்டி ஒரு கணம் யோசித்துத்தான் திரும்பியது, மெத்தை மேல் நடப்பது போல. புது ஆல்-டெரெய்ன் டயரில் பட்டன்கள் உயரமாக, இடைவெளி விட்டு இருக்கும். பாரம் பக்கவாட்டில் வரும்போது அவை கொஞ்சம் வளையும். அச்சிலிருந்து எடுக்க வசதியாகப் பூசிய பொருள் மேலே ஒட்டியிருப்பதால் முதல் சில நூறு கிலோமீட்டர் பிடிப்பும் சற்றுக் குறைவு. இந்தத் தளர்வு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், ஓட ஓடக் குறையும். டயரால் வரும் மாற்றத்துக்கு முக்கியமான அடையாளம் இது.

ஆற்றுப்படுகையிலிருந்து வந்த பிறகு சேர்ந்தவை வேறு ரகம். வண்டி இடப்பக்கம் இழுத்தது. நேராக ஓட்ட ஸ்டீயரிங்கைச் சற்றுக் கோணலாகப் பிடிக்க வேண்டியிருந்தது. 90-ஐ நெருங்கும்போது ஸ்டீயரிங்கில் ஒரு நடுக்கம். காட்டிய முதல் ஒர்க்‌ஷாப்பில், பெரிய டயர் போட்டால் அப்படித்தான் இருக்கும் என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. போகும்போது இல்லாத இழுவை வரும்போது இருந்தால், அதைப் பெரிய டயர் என்ற ஒரே காரணத்தில் தள்ளிவிட முடியாது.

காசு செலவில்லாத சோதனைகளிலிருந்து தொடங்கினேன். கல்லில் ஓட்ட 20 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) வரை இறக்கியிருந்த காற்றைத் திரும்ப நிரப்பியது ஏதோ ஒரு பம்பில். மறுநாள் காலை, டயர் ஆறியிருக்கும்போது, ஒரே கேஜை வைத்து நாலையும் பார்த்தேன். முன்னிடது மற்றதைவிடக் குறைவு. சரிசெய்ததும் இழுவை கொஞ்சம் குறைந்ததே தவிர, போகவில்லை.

அடுத்து நடுக்கம். ரிம்மின் உள்பக்கம் சேறு காய்ந்து ஒட்டியிருந்தால் பேலன்ஸ் போய்விடும். பலருக்கு அதைக் கழுவினாலே தீர்ந்துவிடும். எனக்குக் கழுவிய பிறகுதான் விஷயமே தெரிந்தது. முன்னிடது ரிம்மின் உள்ளே பேலன்சிங் வெயிட் ஒட்டியிருந்த இடத்தில் வெயிட்டைக் காணோம், பழைய பசை மட்டும் நீள்சதுரமாக வெளுத்துத் தெரிந்தது. ஏதோ கல் பெயர்த்திருக்கிறது. ரிம்மைச் சுற்றிப் பார்த்ததில் வளைவு இல்லை. மறுபடி பேலன்ஸ் செய்ததும் நடுக்கம் நின்றது. பொதுவாக ஸ்டீயரிங் நடுங்கினால் முன் சக்கரம், இருக்கை அதிர்ந்தால் பின் சக்கரம் அல்லது புரொப்பல்லர் ஷாஃப்ட் (பின் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு). முழுக்க நம்பக்கூடிய விதியல்ல, தேட ஆரம்பிக்க ஓர் இடம் கிடைக்கும், அவ்வளவுதான்.

மிச்சம் இருந்தது இழுவை. இதற்கு எனக்குப் பிடித்த சோதனை, முன் டயர் இரண்டையும் இடம் வலம் மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்ப்பது. ஒரு ஜாக்கியும் ஒரு ஸ்டாண்டும் இருந்தால் போதும். டயரின் உள் அமைப்பில் கோணல் இருந்தால் இழுவை எதிர்ப்பக்கம் போகும், அல்லது மறையும். அதே பக்கம் இழுத்தால் டயருக்கு அநேகமாக விடுதலை கொடுத்துவிடலாம். எனக்கு அதே இடப்பக்கம்தான். சுழலும் திசை குறிக்கப்பட்ட டயராக இருந்தால் இந்த மாற்றம் சோதனைக்கு மட்டும், பிறகு திருப்பிப் போட்டுவிட வேண்டும்.

பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க, பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஓட்டி நிறுத்தி, இரண்டு முன் சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோனேன். சூடு ஒன்றுபோலத்தான் இருந்தது. அப்புறம் முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன்: பால் ஜாயின்ட், பேரிங் இரண்டும் திடமாக இருந்தன. இடமும் வலமும் பிடித்து ஆட்டியதில் டை ராடு எண்டும் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டு) சரி. வண்டியை இறக்கிய பிறகு நண்பர் இன்ஜினை ஓடவிட்டு ஸ்டீயரிங்கை இரு பக்கமும் சின்னதாக அசைக்க, நான் பக்கவாட்டில் குனிந்து ஒவ்வொரு மூட்டாகப் பார்த்தேன். எங்கும் ஆட்டம் இல்லை. இதைச் செய்யாமல் அலைன்மென்டுக்கு, அதாவது சக்கரங்களின் கோணங்களைச் சரிசெய்ய, போவது வீண். லூசான மூட்டை வைத்துக்கொண்டு வைக்கும் அளவு வாசல் தாண்டும் முன்பே மாறிவிடும்.

கடைசியில் பிடிபட்டது லோயர் ஆர்மின் (சக்கரத்தின் கீழ்ப்பகுதியை ஃபிரேமோடு இணைக்கும் கை) கேம் போல்ட். அலைன்மென்ட் வைக்க, மையம் விலகிய வாஷரோடு வரும் போல்ட் அது. வலப்பக்கம் அதைச் சுற்றிப் பழைய அழுக்கு கலையாமல் இருந்தது. இடப்பக்கம் வாஷரின் ஓரத்தில் பிறை வடிவில் இரும்பு பளிச்சென்று தெரிந்தது. நகர்ந்த இடம் அதுதான். கல்லில் மோதிய வேகத்தில் ஆர்ம் உள்ளேயும் பின்னேயும் தள்ளப்பட்டிருக்கிறது. கீழ்ப்பகுதி உள்ளே போனால் சக்கரத்தின் தலை வெளியே சாயும், கேம்பர், அதாவது முன்னாலிருந்து பார்த்தால் தெரியும் சக்கரத்தின் சாய்வு, பாசிட்டிவ் பக்கம் போகும். கீழ்ப்பகுதி பின்னே போனால் காஸ்டர், அதாவது பக்கவாட்டில் பார்த்தால் தெரியும் ஸ்டீயரிங் அச்சின் பின்சாய்வு, குறையும். வண்டி இழுப்பது கேம்பர் கூடுதலாக உள்ள பக்கத்துக்கும், காஸ்டர் குறைந்த பக்கத்துக்கும். இங்கே இரண்டும் இடப்பக்கமே. சக்கரத்தின் டோவும் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) சேர்ந்து மாறியதால்தான் ஸ்டீயரிங் கோணல்.

வேறு இடத்தில் அலைன்மென்ட் செய்து, செய்வதற்கு முன் இருந்த அளவு, செய்த பின் உள்ள அளவு இரண்டையும் தாளில் கேட்டு வாங்கினேன். இதை வலியுறுத்திக் கேளுங்கள். டோவை மட்டும் நேராக்கி ஸ்டீயரிங்கை மையத்துக்குக் கொண்டுவந்து அனுப்பிவிடுவது சுலபம். கேம்பரும் காஸ்டரும் அப்படியே இருக்கும், இழுவையும் இருக்கும். கேம் போல்டைச் சரியான டார்க்கில் (முறுக்கு அளவில்) இறுக்கியதும் வண்டி கையை விட்டாலும் நேராகப் போனது.

மெத்தைத் தன்மை கொஞ்சம் மீதியிருந்தது. அது டயருடையது. எல்டி டயர் அதே பாரத்தைச் சுமக்கச் சாதாரண டயரைவிடக் கூடுதல் காற்று கேட்கும். கதவோரம் ஒட்டியிருக்கும் அளவு கம்பெனி டயருக்கானது. ஃபோர் வீல் டிரைவ்காரர்கள் சொல்லும் ஒரு தோராயக் கணக்கு உண்டு: ஆறிய டயரில் பார்த்த காற்று, நன்றாக ஓடிய பிறகு சாதாரண டயரில் 4 பி.எஸ்.ஐ., எல்டியில் 6 பி.எஸ்.ஐ. ஏறலாம். அதற்கு மேல் ஏறினால் தொடக்கக் காற்று போதவில்லை. டயரில் எழுதியிருக்கும் உச்ச அளவைத் தாண்டாமல், இதை வைத்துப் படிப்படியாகக் கூட்டினேன். ஸ்டீயரிங் இறுக்கமானது.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். தார்ச்சாலையில் திரும்பும்போது ஸ்டீயரிங் கனத்து வண்டி தத்தினால், ஃபோர் வீல் இன்னும் விலகவில்லை என்று அர்த்தம். சென்டர் டிஃபரென்ஷியல் (முன், பின் ஆக்ஸில்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் கியர்) இல்லாத வண்டியில் முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும். இதே காரணத்தால் நாலு டயரும் ஒரே அளவில், ஏறக்குறைய ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும்.

அதற்குப் பிறகான ஓட்டத்தில் பெரிய தொல்லை இல்லை. இரைச்சல் தேயத் தேயக் கூடியிருக்கிறது, ஈரத் தார்ச்சாலையில் பழைய டயர் அளவுக்குப் பிரேக் பிடிக்காது, மைலேஜ் குறைந்திருக்கிறது. டயரை இடம் மாற்றும்போதெல்லாம் உள்ளங்கையைப் பட்டன் மேல் குறுக்கே இழுத்துப் பார்ப்பேன். ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் ரம்பம் போலவும் உறுத்தினால் டோ போய்விட்டது. கேம் போல்ட் வாஷரிலிருந்து பிராக்கெட் வரை வெள்ளை பெயின்டில் ஒரு கோடு போட்டிருக்கிறேன். கல் பாதையில் ஓட்டி வந்தால் டார்ச் அடித்து அந்தக் கோடு உடைந்திருக்கிறதா என்று பார்ப்பேன், கூடவே வீல் நட்டுகளையும். இதுவரை உடையவில்லை.

அடுத்த முறையும் இதே டயர்தான் வாங்குவேன். அளவு மட்டும் 245/70 R16. விட்டம் 2 சதவீதம்தான் கூடும், கியரும் பழையபடி ஒத்துழைக்கும்.