லெவல் ஷிஃப்டர் மாட்யூல் வாங்குபவர்கள் கவனத்துக்கு: 3.3 வோல்ட் சப்ளை தானாக ஏறுகிறதா?

5 வோல்ட் சிக்னலை 3.3 வோல்ட்டாகவும் 3.3-ஐ 5 ஆகவும் மாற்றித் தருவது லெவல் ஷிஃப்டர். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் நான்கு சேனல் (நான்கு சிக்னல் வழி) லெவல் ஷிஃப்டர் மாட்யூலை வாங்கியதும் நேராக சர்க்யூட்டில் மாட்டிவிடாதீர்கள். எனக்கு வந்ததில் மாஸ்ஃபெட்டே (சேனலுக்கு ஒன்றாக இருக்கும் குட்டி டிரான்சிஸ்டர்) தவறு. விற்றவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு மைக்ரோகண்ட்ரோலர் (சர்க்யூட்டை இயக்கும் குட்டிக் கணினி சிப்) போனதுதான் மிச்சம்.

மைக்ரோகண்ட்ரோலர் ஓடிக்கொண்டிருக்கும்வரை சப்ளை 3.3 வோல்ட்டில் அசையாமல் நிற்கும். ஸ்லீப்புக்கு (கரண்ட்டை மிச்சப்படுத்தும் தூக்க நிலைக்கு) போனதும் மீட்டரில் 3.5, 3.7 என்று ஏறி 3.9-ஐத் தொடும். அந்த சிப்புக்கு டேட்டாஷீட் தரும் உச்ச வரம்பே 3.6 வோல்ட்தான்.

விற்றவரிடம் கேட்டால், "ரெகுலேட்டர் கோளாறு சார், மாத்திப் பாருங்க" என்றார். ரெகுலேட்டர் என்பது 3.3 வோல்ட்டை நிலையாகத் தரும் பாகம். மாற்றினேன், அதே கதை. சாதாரண லீனியர் ரெகுலேட்டருக்குக் கரண்ட்டை வெளியே தரத்தான் தெரியும். அவுட்புட் பக்கமாக உள்ளே வருவதை இழுத்துக் கிரவுண்டுக்கு விடத் தெரியாது. வேறு வழியில் 3.3 லைனுக்குள் கரண்ட் புகுந்து, அதைச் செலவழிக்க லோடும் (கரண்ட் இழுக்கும் பாகமும்) இல்லையென்றால் வோல்டேஜ் ஏறத்தான் செய்யும். ஸ்லீப்பில் இருக்கும் சிப் மிகக் குறைவாகத்தான் இழுக்கும்.

சரி, எங்கிருந்து புகுகிறது? வயர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். ஷிஃப்டர் வழியாக வரும் 5 வோல்ட் சென்சாரின் டிஎக்ஸ் வயரை (டேட்டா அனுப்பும் சீரியல் லைன்) உருவியதும் மீட்டர் 3.3-க்கு இறங்கிவிட்டது. சீரியல் லைன் சும்மா இருக்கும்போது ஹையில்தான் நிற்கும், அதாவது எந்நேரமும் அங்கே 5 வோல்ட்.

பூதக்கண்ணாடியில் மாட்யூலைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. நான்கு மாஸ்ஃபெட்டில் இரண்டின் மேல் ஒரு குறியீடு, மற்ற இரண்டின் மேல் வேறு குறியீடு! விற்பனைப் பக்கத்தில் நான்குமே பிஎஸ்எஸ்138 என்று போட்டிருந்தார்கள். அது என்-சேனல் வகை மாஸ்ஃபெட். அதற்கு எதிர் வகை பி-சேனல். இந்த சர்க்யூட்டில் என்-சேனலுக்குள் இருக்கும் டயோடு (கரண்ட்டை ஒரே திசையில் விடும் பாகம்) எல்வி (3.3 வோல்ட்) பக்கத்திலிருந்து எச்வி (5 வோல்ட்) பக்கமாக மட்டுமே கடத்தும், 5 வோல்ட்டை எல்வி பக்கம் விடாது. அதே இடத்தில் பி-சேனலை ஒட்டினால் டயோடு தலைகீழாகிவிடும். 5 வோல்ட் சிக்னல் ஏறக்குறைய 4.4 வோல்ட்டாக நேரே மைக்ரோகண்ட்ரோலரின் பின்னுக்கு (சிப்பின் இணைப்புக் காலுக்கு) வரும். பின்னுக்குள் இருக்கும் பாதுகாப்பு டயோடு அதை 3.3 லைனில் கொண்டுபோய்க் கொட்டும். என் கணக்கில் 3.9 வந்த வழி இதுதான்.

இதில் ஒரு வம்பு, இந்தத் தவறான சேனலும் பாதி வேலை செய்யும். எல்வி பக்கம் லோ (0 வோல்ட்) கொடுத்தால் அந்த டயோடு வழியாகவே எச்வி பக்கமும் கீழே வந்துவிடும். எச்வி பக்கம் லோ ஆனால் மட்டும் எல்வி பக்கம் எதுவும் தெரியாது. விற்றவர் அனுப்பிய "டெஸ்ட் வீடியோ" எந்தத் திசையில் எடுக்கப்பட்டது என்று சொல்லவேண்டியதில்லை.

சோதிப்பது சுலபம். எதையும் இணைக்காமல், மீட்டரை டயோடு மோடில் வைத்து, சிவப்பு முனையை எல்வி1-இலும் கருப்பு முனையை எச்வி1-இலும் (முதல் சேனலின் இரு பக்கங்கள்) வையுங்கள். 0.6 வோல்ட் வாக்கில் காட்ட வேண்டும். மாற்றி வைத்தால் எதுவும் காட்டக் கூடாது. நான்கு சேனலையும் பாருங்கள். ஒன்றைப் பார்த்துவிட்டு விட்டிருந்தால் என் மாட்யூல் பாஸாகியிருக்கும்.

நியாயமாக ஒன்று சொல்லவேண்டும்: ஷிஃப்டரே இல்லாமல் 5 வோல்ட் சிக்னல் ஏதாவது நேராக 3.3 வோல்ட் பின்னில் பட்டிருந்தாலும் சப்ளை இப்படி ஏறும். அதையும் பார்த்துவிட்டு விற்றவரிடம் போங்கள்.

மீட்டர் தெரியும்படி இரண்டு திசையிலும் வீடியோ எடுத்து அனுப்பினேன். "ரிட்டர்ன் காலம் முடிந்துவிட்டது" என்று பதில் வந்தது. அதை இழுத்தடித்ததே ரெகுலேட்டரை மாற்றச் சொன்ன அவர்கள்தான். அப்புறம், விமர்சனத்தை நீக்கினால் பாதிப் பணம் தருவதாக இன்னொரு செய்தி. நீக்கவில்லை. அதே படம், அதே விவரத்தோடு மாட்யூல் இன்னும் விற்பனையில் இருக்கிறது.