கேப்ஸ்யூலா, டிகாக்‌ஷனா?

மதுரையில் எங்கள் அடுப்படியில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன: அம்மாவின் பித்தளை ஃபில்டர், தம்பி வாங்கிவந்த கேப்ஸ்யூல் மெஷின்.

எங்கள் மெஷினுக்கான சின்ன அலுமினியக் குப்பியில் 5, 6 கிராம் காபித்தூள் காற்றுப் புகாமல் அடைத்திருக்கும். கைப்பிடியை இறக்கினால் ஒரு பக்கத்தை ஊசிகள் துளைக்கும். பம்ப் வெந்நீரை அழுத்தத்தோடு உள்ளே தள்ளும். அந்த வேகத்தில் மறுபக்கத்து மெல்லிய தகடு கிழிந்து, 40 மில்லி எஸ்பிரஸோ பொன்னிற நுரையோடு இறங்கும். சூடேறுவதையும் சேர்த்து ஒரு நிமிடம்தான்.

ஃபில்டரில் அழுத்தம் கிடையாது. தூளை லேசாக அமுக்கி, கொதித்த தண்ணீரை ஊற்றினால் அது தன்பாட்டில் சொட்டும். கால் மணி நேரமாவது பொறுக்க வேண்டும். ஆனால் அந்த ஒரு டிகாக்‌ஷன் நாலு பேருக்குக் காணும். கரண்ட் போனாலும் காபி உண்டு. தாண்டிக்குடிப் பக்கத்துக் கொட்டையை வறுத்து, சிக்கரி எவ்வளவு என்று நாமே சொல்லி அரைத்து வாங்கலாம். இதுதான் எனக்குப் பெரிய விஷயம். மெஷினில் அவர்கள் அடைத்ததுதான் ருசி; கோப்பைக்கு ஒரு குப்பி வேறு காலியாகிக் குப்பைக்குப் போகிறது.

அப்புறம் பால். நம் வீட்டு அளவுக்கு ஊற்றினால் எஸ்பிரஸோவின் மணம் அமுங்கிவிடுகிறது. சிக்கரி சேர்ந்த டிகாக்‌ஷன் தாங்கி நிற்கிறது.

விடிகாலை ரயிலைப் பிடிக்கத் தனியாகக் கிளம்புகிறவருக்கு மெஷின் சரி. விருந்தாள் வருகிற அன்று அம்மா கேட்காமலே ஃபில்டரைக் கழுவி வைத்துவிடுவார்.