‘செல்ஃப் போயிடுச்சு சார்’: 12,600 ரூபாய் பில்லும் ஒரு துருப்பிடித்த போல்ட்டும்

புதிதாக கார் ஓட்ட ஆரம்பித்தவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படித்துவிடுங்கள். கடையின் பெயர் வேண்டாம். கெடாத பாகத்தை மாற்றிக் காசு வாங்கும் இந்த வேலை எல்லா ஊரிலும் நடக்கிறது.

வண்டி ஏழு வருஷப் பழைய பெட்ரோல் ஹேட்ச்பேக், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. மழை பெய்த மறுநாள் காலையில் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம், அவ்வளவுதான். ஃபோன் செய்ததும் வந்த மெக்கானிக் பானெட்டைத் திறந்தார், வேறொரு பேட்டரியிலிருந்து கரண்ட் கொடுக்கும் ஜம்பர் கேபிளைப் போட்டார், வண்டி உடனே ஸ்டார்ட் ஆனது. “பாத்தீங்களா சார், பேட்டரி அவுட். செல்ஃபும் போயிடுச்சு. ரெண்டையும் மாத்திடலாம்.” சாயங்காலம் வந்த பில்: பேட்டரி 5,400, செல்ஃப் மோட்டார் (இன்ஜினைச் சுற்றிவிட்டு ஸ்டார்ட் செய்யும் மோட்டார்) 4,800, ஈசிஎம் (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) ரீசெட் 1,500, கூலி 900. நாலாம் நாள் காலையில் மறுபடியும் அதே ‘டக்’.

கோளாறு இருந்த இடம் வேறு. பேட்டரி நெகட்டிவிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் எர்த் வயரின் முனையைப் பிடித்திருந்த போல்ட் துருவேறி, அடியில் பச்சை பூத்துக் கிடந்தது. செல்ஃப் மோட்டாருக்குப் போன கரண்ட் பேட்டரிக்குத் திரும்பி வரும் வழியே அந்த வயர்தான். ஒரு ஸ்பேனர், ஒரு துண்டு உப்புத்தாள், இருபது நிமிஷம். வேலை முடிந்தது.

அப்படியானால் ஜம்பர் போட்டதும் எப்படி ஸ்டார்ட் ஆனது? ஆட்களை ஏமாற்றுவதே இந்த இடம்தான். ஜம்பர் போடும்போது கருப்பு கேபிளின் கடைசி முனையை நம் பேட்டரியில் மாட்டாமல் இன்ஜின் இரும்பில் மாட்டுவார்கள். அது சரியான முறைதான். பேட்டரி பக்கத்தில் தீப்பொறி வரக்கூடாது என்பதற்காக. ஆனால் அப்படி மாட்டிய நொடியிலேயே, கெட்டுப்போன எர்த் வயருக்குப் பதிலாக ஜம்பர் கேபிளே எர்த்தாகிவிடுகிறது. நல்ல பேட்டரி இருக்கிற வண்டியும் ‘ஜம்பர் போட்டாத்தான் எடுக்குது’ என்று ஆகிவிடும். செல்ஃப் மோட்டாரைக் கழற்றி மாட்டியபோது அந்த வயர் அசைந்து, துரு கொஞ்சம் தேய்ந்து, தொடர்பு கிடைத்திருக்கிறது. நாலு நாள் ஓடியது அதனால்தான். புது மோட்டாருக்கு அதில் பங்கே இல்லை.

மெக்கானிக்கை அழைப்பதற்கு முன் பத்து நிமிஷம் செலவு செய்யுங்கள். முதலில் காதைக் கொடுங்கள். ‘டகடகடக’ என்று வேகமாக அடித்தால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினல் (பேட்டரியில் வயர் மாட்டும் இடம்) லூஸ். ஒரே ஒரு ‘டக்’ என்றால் செல்ஃப் மோட்டார், அதன் சொலினாய்டு (மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் ஸ்விட்ச்), இல்லையென்றால் வயர் இணைப்பு. சத்தமே இல்லையென்றால் கிளட்ச்சை முழுசாக மிதித்தீர்களா, ஆட்டோமேடிக் என்றால் கியர் ‘பி’ அல்லது ‘என்’னில் இருக்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகுதான் ஃப்யூஸ், ரிலே. செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லையா? அப்போது பேட்டரி, செல்ஃப் பேச்சுக்கே இடமில்லை. சாவியை ஆன் செய்ததும் பின்சீட் பக்கமிருந்து இரண்டு நொடி பெட்ரோல் பம்ப் முனகும் சத்தம் வருகிறதா, டேஷ்போர்டில் சாவிப் படம் போட்ட விளக்கு மின்னிக்கொண்டே இருக்கிறதா என்று பாருங்கள். மின்னினால் வண்டி சாவியை அடையாளம் காணவில்லை என்று அர்த்தம், ஸ்பேர் சாவியைப் போட்டுப் பாருங்கள்.

அடுத்து ஹெட்லைட். போட்டுவிட்டு செல்ஃப் அடியுங்கள். வெளிச்சம் அப்படியே படுத்துவிட்டால் பேட்டரியையோ டெர்மினலையோ சந்தேகப்படலாம். வெளிச்சம் குறையாமல் ‘டக்’ மட்டும் வந்தால் பேட்டரியில் பவர் இருக்கிறது, அது மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை அல்லது மோட்டார் எடுத்துக்கொள்ளவில்லை. இந்த வண்டியில் ஹெட்லைட் பளிச்சென்றுதான் எரிந்தது. அன்றைக்கு மெக்கானிக் அதைப் போட்டுப் பார்க்கவே இல்லை.

வோல்ட் அளக்கும் ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் 400, 500 ரூபாய்க்கே கிடைக்கிறது. டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான். 12-க்குக் கீழே போனால் சார்ஜ் போட்டுவிட்டுத்தான் மற்ற சோதனை. 10.5 பக்கம் வந்து, சார்ஜ் போட்டும் ஏறவில்லையென்றால் உள்ளே ஒரு செல் செத்துவிட்டது. அந்த பேட்டரியை மாற்றத்தான் வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கக்கூடாது. இன்ஜின் ஓடும்போது சுமார் 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். வரவில்லையென்றால் பேட்டரிக்கு சார்ஜ் கொடுக்கும் ஆல்டர்னேட்டர் பக்கம் போங்கள். புது பேட்டரி போட்டாலும் இரண்டு நாளில் படுத்துவிடும்.

இப்போது முக்கியமான சோதனை. வண்டி நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டபடி இருக்கட்டும். மீட்டரின் கருப்பு முனையை பேட்டரி நெகட்டிவில் வையுங்கள். வயரைப் பிடித்திருக்கும் கிளாம்ப் மேல் வேண்டாம், நடுவில் துருத்தி நிற்கும் ஈயத்தின் மேலேயே. சிவப்பு முனை இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பில். பெல்ட், ஃபேன் பக்கம் கையோ வயரோ போகக்கூடாது. இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் வந்தால் எர்த் சரி. 0.5-ஐத் தாண்டினால் எர்த் சரியில்லை. இந்த வண்டியில் வந்தது 4.8. பேட்டரி 12.5-ல் கம்பீரமாக உட்கார்ந்திருக்க, வழியிலேயே 4.8 வோல்ட் காணாமல் போகிறது! இதேபோல பாசிட்டிவ் ஈயத்திலிருந்து செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட் வரைக்கும் வைத்துப் பாருங்கள். அதுவும் அரை வோல்ட்டைத் தாண்டக்கூடாது. இரண்டு பக்கமும் சரியாக இருந்து, மோட்டார் போல்ட்டில் 10 வோல்ட் வந்தும் சுற்றவில்லையென்றால்தான் செல்ஃப் போய்விட்டது என்று சொல்லலாம். அப்போதும் பல தடவை மோட்டாருக்குள் தேய்ந்துபோகும் கார்பன் பிரஷ்ஷை மாற்றினாலே போதும்.

மீட்டர் இல்லையா? ஜம்பர் கேபிளில் கருப்பை மட்டும் எடுத்து, உங்கள் பேட்டரி நெகட்டிவிலிருந்து உங்கள் இன்ஜின் இரும்புக்கே மாட்டுங்கள். வேறு வண்டி எதுவும் தேவையில்லை. ஸ்டார்ட் ஆனால் எர்த் வயர்தான். இதே கோளாறில் சில வண்டிகளில் கிளட்ச் கேபிள் சூடாகிப் புகைகூட வரும். கரண்ட் திரும்பி வர வேறு வழி இல்லாமல் அதன் வழியாகப் போகிறது.

சுத்தம் செய்யும்போது நெகட்டிவை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் ஒரு தம்ளர் வெந்நீரில் ஒரு ஸ்பூன் ஆப்ப சோடா கரைத்துப் பழைய டூத்பிரஷ்ஷால் தேயுங்கள். பேட்டரி மூடித் துளைக்குள் அந்தத் தண்ணீர் இறங்கக்கூடாது. எர்த் வயர் முனையின் இரண்டு பக்கத்தையும், அது உட்காரும் இரும்பையும் உப்புத்தாளால் பளபளவென்று ஆக்குங்கள். இறுக்கிய பிறகு மேலே பெட்ரோலியம் ஜெல்லி. முதலில் தடவிவிட்டு மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அது தப்பு.

இனி பில். டேஷ்போர்டுக்குள் இருந்த வாரண்டி கார்டின்படி கழற்றிய பேட்டரிக்கு வயசு 14 மாதம். முதல் 18 மாதத்தில் பழுதானால் இலவசமாகவே மாற்றித் தந்திருக்க வேண்டும். அதாவது அது நிஜமாகவே கெட்டிருந்தால்கூட 5,400 கொடுத்திருக்க வேண்டியதில்லை. பழைய பேட்டரிக்குக் கழிவுத் தொகையும் பில்லில் இல்லை. அது ஈயம், சும்மா கொண்டுபோக விடாதீர்கள். ‘புது’ செல்ஃப் மோட்டாரில் ஸ்க்ரூ தலைவரைக்கும் கருப்புப் பெயின்ட் அடித்திருந்தது. பழசைத் திறந்து பெயின்ட் பூசிய சரக்கு. ஈசிஎம் ரீசெட் என்றால் ஸ்கேனரில் வந்த எரர் கோட் எது என்று காட்டச் சொல்லுங்கள். பேட்டரியைக் கழற்றி மாட்டினால் கடிகாரமும் ரேடியோவும் தானாகவே ரீசெட் ஆகும், அதற்கு 1,500 எதற்கு?

கழற்றிய பழைய பாகம் எல்லாம் வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். பேட்டரி சீரியல் நம்பரும் தேதியும் எழுதிய பில் கேளுங்கள். பில் தராமல் இருப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் முடியவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும்.

இந்த வண்டிக்காரர் மீட்டர் 4.8 காட்டும் படத்தையும் வாரண்டி கார்டையும் கடைக்கு வாட்ஸாப்பில் அனுப்பினார். ரீசெட் காசு 1,500 மறுநாளே திரும்பி வந்தது. பழைய பேட்டரியைக் கேட்டால், ‘ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு சார்’ என்கிறார்கள்.